கேசம் உதிர்தலும் பொய்முடி அணிதலும்



நமது பௌர்ணமி வழிபாட்டிற்குத் தவறாது வந்துகொண்டிருந்த உபாசிகை ஒருவரைச் சில மாதங்களாகக் காணோம். அவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருவதை யாவரும் அறிவோம். எனினும் அவர் வாராமைக்கு நோய் காரணமன்று. மருந்தினால் தலைமயிர் முற்றும் உதிர்ந்தபின், பொய்முடி அணிந்து ஒருநாள் வந்திருந்தார். அன்று நம்மில் ஒருவர், "அம்மா, பிக்குகள் தலையை மழித்துக்கொண்டு நிறைவாக வாழ்கிறார்களே, தம்மம் கற்ற உங்களுக்கு இந்த டோப்பா எதற்கு?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் தீயவரல்லர், நல்லுபதேசம் செய்வதாகவே எண்ணினார். ஆனால் அதன்பின் அவ்வம்மையார் வரவில்லை. அச்சொல் தம்மத்திற்கு இசைந்ததா என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கேசத்தின் இயல்பு

மனிதன் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சிலகாலம் ஓய்ந்து, பின் உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றிற்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மிகுதியாக உதிர்வதுண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காய்ச்சலுக்குப் பின் பலர் இதனைக் கண்டனர். இவ்வகை இழப்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானே சீராகும். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் காரணமாகலாம். அவற்றிற்கு மருத்துவம் உண்டு.

வட்டவட்டமாக உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு ஏதுமில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைப் பகையென மயங்கித் தாக்குவதால் அது உண்டாகிறது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆதலின் அவ்வாறுள்ள பிள்ளையை விலக்கி உட்காரவைப்பது அறியாமையாகும்.

புற்றுநோய் மருந்துகளோ விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவன. மயிர்க்காலின் அணுக்களும் விரைந்து பெருகுவன ஆதலால் அவையும் அடிபடுகின்றன. எல்லா மருந்தும் இவ்வாறு செய்வதில்லை. செய்யும் மருந்துகளால் முதல் தவணைக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் உதிர்வு தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் சில மாதங்களில் பெரும்பாலோர்க்கு மீண்டும் முளைக்கும். 1973ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பெங்களூர் கித்வாய் புற்றுநோய் நிலையத்திற்குக் கர்நாடகத்திலிருந்து மட்டுமின்றி அண்டை மாநிலங்களிலிருந்தும் எளியோர் பலர் வருகின்றனர். நம் குடும்பத்தாருள்ளும் அவ்வாசலை மிதிக்காதவர் குறைவே.

பெங்களூர்த் தண்ணீரே மயிரைக் கொண்டுபோய்விட்டது என்பார் பலர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் மயிரை முரடாக்கலாம். வழுக்கைக்கு அதுவே காரணமென்று நிறுவப்படவில்லை. தண்ணீரைப் பழித்துத் தைலத்தை விற்போரிடம் எச்சரிக்கை வேண்டும்.

2. துறத்தலும் இழத்தலும்

சித்தார்த்தர் அனோமை நதிக்கரையில் தம் வாளாலேயே கேசத்தை அரிந்தெறிந்தார் என்பது மரபு. இன்றும் ஒருவர் சாமணேரராகத் தலைமழிக்கும்போது கேசம், உரோமம், நகம், பல், தோல் என்னும் ஐந்தையும் நினைவில் இருத்துமாறு ஆசாரியர் கற்பிக்கிறார். உடலின் முப்பத்திரண்டு கூறுகளைப் பற்றிய தியானத்தில் முதலில் எண்ணப்படுவதும் கேசமே.

மிதிலையை ஆண்ட மகாதேவ மன்னன் கதையும் நாம் அறிந்ததே. முதல் நரை தோன்றினால் அறிவிக்குமாறு நாவிதனுக்குக் கட்டளையிட்டிருந்தான். நாவிதன் அந்நரையைப் பிடுங்கி அவன் கையில் வைத்தபோது, அதனை மூப்பின் தூதெனக் கொண்டு, நாவிதனுக்கு ஓர் ஊரைப் பரிசளித்து, மகனுக்கு அரசீந்து துறவு பூண்டான். வைசாலி நகரத்து அம்பபாலியும் முதுமையில் பிக்குணியாகித் தன் அழகு மாறிய வகையைத் தேரிகாதையில் சொல்லும்போது, கேசத்திலிருந்தே தொடங்குகிறாள்.

இவர்கள் யாவரும் தம் கேசத்தைத் தாமே நோக்கித் தாமே உண்மை கண்டவர்கள். பிறர் தலையைச் சுட்டிக்காட்டி எவரும் இவர்களுக்கு உபதேசிக்கவில்லை. பிக்கு தாமே விரும்பித் துறக்கிறார். நோயாளியிடமிருந்தோ அது கேளாமலே பறிக்கப்படுகிறது. விரும்பி உண்ணாதிருப்பவரைக் காட்டி, சோறின்றிப் பசித்திருப்பவருக்கு விரதத்தின் பெருமையைக் கூறுவாருண்டோ?

மேலும், பெண்ணின் மழித்த தலை நம் நாட்டில் வெறும் தலையாகக் காணப்படுவதில்லை. கைம்பெண்ணின் தலையை வலிந்து மழித்த கொடுமை இந்நாட்டில் இருந்தது. நம் முன்னோருக்கு முடிவெட்ட மறுத்த நாவிதர் கடைகள் எத்தனையோ ஊர்களில் இருந்தன. சில சிற்றூர்களில் அவ்வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தலைமயிரைக் கொண்டு மனிதரை இழிவுபடுத்துவது எத்தகையது என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யாவர்? அத்தகைய நாமே ஒரு சகோதரியைத் தலைகுனிய வைக்கலாமோ?

3. இரண்டு அம்புகள்

புத்தபிரான் இரண்டு அம்புகளின் உவமையைக் கூறியருளினார். உடலில் படும் நோவு முதல் அம்பு. அதனை எண்ணிப் புலம்பி மனத்தில் ஏற்றுக்கொள்ளும் நோவு இரண்டாம் அம்பு. தம்மம் கற்றவன் முதலம்பைத் தடுக்க இயலாதாயினும் இரண்டாம் அம்பினின்று விடுபடுகிறான்.

கேசம் உதிர்வது முதலம்பு. கண்ணாடியின்முன் நின்று, "நான் இனி நானல்லேன்" என்று கலங்குவது இரண்டாம் அம்பு. இதனை நீக்கும் வழி, கேசம் 'நான்' அன்று, 'என்னுடையது' அன்று என்று சிறிது சிறிதாகப் பழகுதலாம். அப்பழக்கம் ஒருநாளில் வாராது. அழுகை வந்தால் அதுவும் குற்றமன்று. வந்ததை அறிந்து விடுவதே பயிற்சி. ஆனால் பிறர் எறியும் சொல் மூன்றாம் அம்பாகிறது. அதனை எறியாதிருப்பது நம் கையில் உள்ளது. நற்சொல் என்பது உண்மையாக மட்டுமின்றி, காலமறிந்து அன்புடன் பயன்படச் சொல்லப்படுவதாகவும் இருத்தல் வேண்டும்.

4. பொய்முடி பொய்யாகுமா?

'பொய்முடி' என்னும் பெயரைக் கேட்டு, நான்காம் சீலம் கெடுமோ என்று ஐயுறுவாருண்டு. பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு உரைப்பதே பொய். எண்ணமே வினையாம் என்பது பெருமானின் கொள்கை. நாம் ஆடை உடுப்பது குளிரும் வெயிலும் தடுக்கவும் நாணத்தைக் காக்கவுமாம். அவ்வாறே நோயுற்றவர் வெயிலினின்றும் பிறர் வெறித்த பார்வையினின்றும் தலையைக் காத்துக்கொள்ள அணிவதும் ஓர் ஆடையே. அதில் குற்றம் காண்பதற்கில்லை.

ஆயினும் திருமணப் பேச்சில் வழுக்கையை மறைத்து, மணமான பின் அறியவிடுவது வஞ்சனையாகும். மணக்க இருப்பவரிடம் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். அழகின் செருக்கை வளர்க்க ஒன்றின்மேல் ஒன்றாக வாங்கிக் கடன்படுவதும் வேண்டாதது. உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்போர் அலங்காரத்தைத் தவிர்ப்பர். அன்று ஒப்பனையின்றி எளிதாக அணியும் முடி வெறும் மறைப்பே என்பது என் கருத்து. மனம் ஒப்பாதவர் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாம். ஒன்றும் அணியாமல் வர விரும்புவோர் அவ்வாறே வரலாம். எதைக் கொள்வது என்பது அவரவர் முடிவு.

5. வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்

செயற்கை இழைமுடி விலை குறைவு. ஆனால் வெப்பத்தில் உருகிச் சுருளும். அடுப்பண்டை, குறிப்பாக எண்ணெய்ச் சட்டியின் முன், அதனைக் கழற்றிவைப்பது நன்று. மனிதமுடி விலை மிகுதி, நெடுநாள் உழைக்கும். கேசம் உதிருமுன்பே சென்று அளவும் நிறமும் பார்த்துக்கொண்டால் முகத்திற்குப் பொருந்தும். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் அணிந்தால் புண்படாது. இரவில் கழற்றித் தலைக்குக் காற்றுப்படச் செய்தல் வேண்டும்.

இம்முடி எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணுவோம். திருமலையில் காணிக்கையாகும் கேசம் ஏலத்தில் விற்கப்பட்டு உலகெங்கும் செல்கிறது. சீப்பில் சிக்கியதைச் சேர்த்து வாங்கிச் சிக்கெடுக்கும் தொழிலும் உண்டு. நம் மாநிலத்தில் கொப்பளை அடுத்த பாக்யநகரில் பல ஏழைக் குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. ஒருவர் இழந்ததை மற்றொருவர் உடலின் ஒருகூறு நிரப்புகிறது. ஆதலின் நீண்ட கேசமுடையோர் நோயாளிகளுக்கென அதனைத் தானமாகத் தரலாம். 12 அங்குலமாவது வேண்டுமெனக் கேட்கும் அமைப்புகள் உண்டு. மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளருமாதலால், அது இரண்டரை ஆண்டுகளின் தானமாகும்.

6. நாம் செய்யத்தக்கது

அடுத்த பௌர்ணமிக்கு முன் இருவர் அவ்வம்மையார் இல்லம் செல்வோம். தலையைப் பற்றி நாமாக ஒன்றும் பேசவேண்டாம். வழிபாட்டில் அவர் இடம் காலியாக இருப்பதைச் சொல்லி அழைப்போம். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமா என்று கேட்போம். அன்று பேசியவரும் உடன்வந்து பொறுத்தருளக் கேட்பது அவருக்கும் நன்மையாம். அவர் எவ்வாறு வந்தாலும், முன்போலவே வணங்கி அவரிடத்தில் அமர்த்துவோம்.

பயில்வோர்க்கு வினாக்கள்

1. பிக்குவின் மழித்த தலைக்கும் நோயாளியின் மழுங்கிய தலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நாம் அறிந்த ஒருவர்மீது நம் சொல் அம்பாகப் பட்டதுண்டா? அதனை எவ்வாறு எடுக்கலாம்?
3. பொய்முடி அணிதல் எப்போது மறைப்பு, எப்போது வஞ்சனை?

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க!