சோதிக்க இடம்விட்டு வரைவோம்

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக மின்சுற்றுப் பலகை வரையவிருக்கும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். 1972-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், பலகைகளைச் சோதிக்கும் பொறியாளராகப் பணிபுரிகிறேன். பழுதான பலகையைக் கண்டு நான் கலங்குவதில்லை. தொட்டுப் பார்க்கவே இடமில்லாத பலகைதான் என்னைக் கலங்க வைக்கும். சில காசு மதிப்புள்ள ஒரு மின்தடை கெட்டதற்காக முழுப் பலகையையும் வீச நேரிடும்.

தொழிற்சாலையில் 'ஆணிப் படுக்கை' என்றொரு சாதனம் உண்டு. சுருள்வில் பொருத்திய ஊசிகள் அதில் வரிசையாக நிற்கும். பலகையை அதன்மேல் அழுத்தினால், ஒவ்வோர் ஊசியும் ஓர் இணைப்பைத் தொடும். பாகங்களைக் கருவி தனித்தனியே அளந்துவிடும். ஆனால், ஊசி தொடுவதற்கு இடம் தரவேண்டியவர் பலகையை வரைபவரே. அதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வோர் இணைப்புக்கும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனைப் புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கிடையே 2.54 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. அதைவிட நெருக்கினால் மெல்லிய ஊசிகள் தேவைப்படும். அவை விலை கூடியவை, எளிதில் வளைபவை. இயன்றவரை எல்லாப் புள்ளிகளையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.

இரண்டாவது, சில்லின் ரீசெட், எனேபிள் கால்களை நேரடியாகக் கிரவுண்டிலோ மின்வழங்கலிலோ கட்டிப்போடாதீர்கள். இடையில் ஒரு மின்தடை இருந்தால், சோதனையின்போது சில்லை அடக்கி வைத்துவிட்டு மற்ற பாகங்களை அளக்கலாம்.

மூன்றாவது, கால்கள் அடிவயிற்றில் மறைந்திருக்கும் பிஜிஏ சில்லுகளைப் பற்றியது. அங்கே ஊசி நுழையாது. இச்சிக்கலுக்காக 1985-இல் கூடிய ஜேடேக் குழுவின் உழைப்பு, 1990-இல் ஐஇஇஇ 1149.1 தர நிர்ணயமாக வெளிவந்தது. இதன்படி, சில்லின் உள்ளே சமிக்ஞைக் கால்களை ஒட்டிச் சிறு பதிவுக் கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். நான்கே கம்பிகள் வழியாகத் தரவை உள்ளே தள்ளி, வெளியே வாங்கிப் பார்த்தால், எந்த இணைப்பு அறுந்தது, எது ஒட்டிக்கொண்டது என்பது புலப்படும். அந்த நான்கு கம்பிகளையும் மறவாமல் ஓர் இணைப்பிக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

மாணவரிடம் ஆணிப் படுக்கை இருக்காது, மல்டிமீட்டர் இருக்கும். அதன் முனைக்கும் இதே புள்ளிகள் உதவும். பக்கத்தில் பெயரை அச்சிட்டு, அலைவுகாட்டியின் கவ்வியை மாட்ட ஒரு கிரவுண்ட் வளையமும் வையுங்கள்.

வரைபடத்தைத் தயாரிப்பாளருக்கு அனுப்புமுன், ஒவ்வோர் இணைப்பிலும் விரல் வைத்து, "இது பழுதானால் எங்கே தொட்டுப் பார்ப்பேன்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் ஒரு புள்ளியைச் சேருங்கள். திரையில் அதற்கு ஒரு நிமிடம் போதும்; பலகை அச்சாகி வந்தபின், ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவு முழுவதும் விழித்தாலும் போதாது.