எந்தச் சிகிச்சை பல்லைக் குறைவாகச் சீவும்?

பல் சிகிச்சையைச் சிலர் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலர் கருவியின் புதுமையைப் பார்த்து. இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தச் சிகிச்சை பல்லில் எவ்வளவை எடுத்துவிடும்? எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் வெளிப்படலமான எனாமல் அப்படியல்ல. அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. சீவிய எனாமல் மறுபடி வளராது. ஆகவே, குறைவாகச் சீவும் சிகிச்சை முதலில், கூடுதலாகச் சீவுவது அதற்குப் பிறகு, பிடுங்குவது கடைசியில் என்ற வரிசையே எல்லாத் தேர்வுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் சீமைக்கு இந்த வரிசை கூடுதலாகப் பொருந்தும்.

மழை குறைந்த இந்த வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வளர்ந்தவர்கள் பலர். பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு சில ஊர்களின் நிலத்தடி நீரில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போன நீரைப் பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலிருந்து 1937இலேயே மருத்துவர்கள் பதிவு செய்த நோய் இது. பலர் இதைச் சொத்தை என்று பயந்து போகிறார்கள். கண்ணாடி முன் நின்று பார்த்தாலே வேறுபாடு ஓரளவு தெரியும். ஃபுளோரைடு கறை சுண்ணாம்பு வெண்மையிலோ பழுப்பிலோ குறுக்குக் கோடாக, இடப்பக்கப் பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறதோ வலப்பக்கப் பல்லிலும் அதே உயரத்தில் இருக்கும். சொத்தை அப்படி ஜோடி சேர்ந்து வராது. கடைவாய்ப் பல்லின் குழியிலும் இரண்டு பல் ஒட்டும் இடுக்கிலும் தொடங்கி, மெத்தென்று குழிந்துபோகும். உறுதியாகச் சொல்வது மருத்துவரின் வேலை. ஆனால் கறையைச் சொத்தை என்று நினைத்துக் குடையக் கொடுத்துவிடாமல் இருக்க இந்த அளவு தெரிந்திருப்பது நல்லது.

கறையை எடுக்க விரும்புவோருக்கு, குறிப்பாகக் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில், நேரே முன்பற்கள் அத்தனைக்கும் கேப் போட்டுவிடலாம் என்ற யோசனை எளிதாக வந்துவிடுகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பல்லின் தலைப்பகுதியில் எவ்வளவு போகிறது என்று எடை போட்டுப் பார்த்தார்கள். முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம் வரை போனது. முன்பக்கம் மட்டும் ஒட்டும் வெனீருக்கு 3 முதல் 30 சதவீதம். இருபது வயதுப் பெண்ணின் நல்ல பல்லில் மூன்றில் இரண்டு பங்கைச் சீவி எறிவதற்குக் கறை ஒரு காரணமே அல்ல. இலேசான பழுப்புக்கு முதலில் பிளீச்சிங். சில நாள் பல் கூசும், எனாமல் குறையாது. அதில் போகாததற்கு மைக்ரோஅப்ரேஷன்: அமிலமும் பொடியும் கலந்து மேற்பரப்பில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்த்தெடுப்பார்கள். குழி விழுந்த இடத்தைப் பல் நிறப் பசையால் நிரப்பலாம். இவை எதுவும் பலிக்காமல், எனாமலே உதிரும் நிலை வந்தால்தான் வெனீரும் கேப்பும். செங்கல் பொடியும் கரித்தூளும் போட்டுத் தேய்ப்பது கறையோடு எனாமலையும் கொண்டுபோகும். அடுத்த தலைமுறைக்குக் கறை வராமல் இருக்கச் சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணி நீர் போதும். ஆழ்துளை நீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

நீரிலேயே ஃபுளோரைடு இருக்கும்போது பற்பசையிலும் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விழுங்கும் வயதுக் குழந்தைக்கு மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு பசைக்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்குப் பல் உருவாகி முடிந்துவிட்டது, புதிதாகக் கறை விழாது. துப்பிவிடும் பசை சொத்தையைத் தடுக்கிறது. அந்தத் தடுப்பு இங்கே தேவையும்கூட. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலை மிட்டாயில் வெல்லப் பாகு பல் இடுக்கில் ஒட்டி நிற்கும். வெல்லமானாலும் சீனியானாலும் வாய்க் கிருமிக்கு ஒன்றுதான். மிட்டாயைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வாய் கொப்பளிப்பது, நாள் முழுக்கக் கொறிப்பதைவிட எவ்வளவோ மேல். தொடக்கச் சொத்தைக்கு, அதுவும் குழந்தைகளுக்கு, சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவியே பரவலை நிறுத்தப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தை இருந்த இடம் கறுத்துப்போகும் என்பதே குறை; விழப்போகிற பால் பல்லுக்கு அது பெரிய குறையல்ல.

வலி வந்த பிறகுதான் கடினமான தேர்வு: வேர் சிகிச்சையா, பிடுங்குவதா? தீப்பெட்டி ஆலைக்கோ காட்டு வேலைக்கோ போகிறவர்கள், பிடுங்கினால் ஒரு நாளில் முடிந்துவிடும், செலவும் குறைவு என்பார்கள். அன்றைய கணக்குக்கு அது சரி. ஆனால் பல் போன இடத்துக்கு அண்டைப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மெல்லுவது ஒரு பக்கமாகிவிடும். பிறகு அந்த இடத்தை நிரப்பப் போனால் செலவு வேர் சிகிச்சையைத் தாண்டிவிடும். பல தடவை வர வேண்டுமே, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகுமே என்ற தடைக்கும் இன்று விடை உண்டு. ஒரே அமர்வில் முடிக்கும் வேர் சிகிச்சையும் பல அமர்வுச் சிகிச்சையும் பலனில் ஏறத்தாழ ஒன்றுதான் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. ஒரே அமர்வில் முதல் வாரம் வலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். எந்தப் பல்லுக்கு இது ஒத்துவரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு கேப். உள்ளே குடைந்த பல் மெலிந்திருக்கும். கேப் இல்லாமல் விட்டால் ஒரு முறுக்குக் கடியில் பிளந்துவிடக்கூடும், செய்த செலவெல்லாம் வீண். இந்த இடத்தில் சீவுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே தெரியாத கடைவாய்க்கு உலோக கேப்பே போதும். அது பல்லைக் குறைவாகச் சீவும், விலையும் குறைவு.

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ, எலும்பு பெருமளவு கரைந்து பல் மிகவும் ஆடினாலோ பிடுங்குவதுதான் சரி. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்கள் அதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்; பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும்.

போன பல்லுக்குப் பதிலாக பிரிட்ஜ் போட்டால் இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் சீவ வேண்டும். அவற்றில் ஏற்கெனவே கேப் இருந்தால் மட்டும் அது நல்ல தேர்வு. தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளாண்ட் அண்டைப் பல்லைத் தொடாது. இம்முறையின் முன்னோடியான ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965இல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தியது அவர் இறக்கும்வரை நாற்பதாண்டுக்கு மேல் உழைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகையிலை விடாதவர்களுக்கும் அது தோற்கும் வாய்ப்பு அதிகம். கையில் பணம் இல்லையென்றால் கழற்றி மாட்டும் பல் போதும். எதையும் சீவாததால் பின்னால் இம்பிளாண்டுக்கும் வழி திறந்தே இருக்கும்.

புதுக் கருவிகளில் டிஜிட்டல் எக்ஸ்ரேயும், வேரின் நீளம் அளக்கும் கருவியும் சிகிச்சையின் தரத்தையே கூட்டுபவை. இவை உள்ள இடத்தைத் தேடிப் போகலாம். முப்பரிமாண ஸ்கேன் இம்பிளாண்டுக்கும் சிக்கலான வேருக்கும் தேவை, ஒவ்வொரு சொத்தைக்கும் தேவையில்லை. லேசரும் வாய் ஸ்கேனரும் வசதிகள். அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் கட்டாயம் இல்லை. கருவி எதுவானாலும், கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பதை நம்ப வேண்டாம். பல்லில் படிந்த காரை எலும்பைக் கரைத்த பிறகும் அதுவே பல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான்.

சம்மதம் சொல்லும் முன் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். இதைவிடக் குறைவாகச் சீவும் வழி உண்டா என்றும் கேளுங்கள். வேர் சிகிச்சை செய்யாத, வலியில்லாத பல்லுக்கு கேப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் காட்டிய பிறகே நாற்காலியில் உட்காருங்கள்.