இறுகிப்போன பிரேக் பைப் நட்டு

நம் ஆண்டு மலரில் கவிதை வரும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிக் கேலி வரும், பொன்மொழிகள் வரும். ஒரு நட்டைப் பற்றிக் கட்டுரை வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது ஒருநாள் கட்டாயம் கைகொடுக்கும். சிவில் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். துரு உங்கள் கம்பியிலும் உண்டு.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். அப்பா உப்பு லாரியில் லோடுமேன். "லீவுல வீட்ல கெடந்து என்ன செய்யப் போற? நாலு நட்டு போல்ட்டாவது கையில பிடிலே" என்று சொல்லி, போன விடுமுறையில் ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார்.

அங்கே ஒரு சனிக்கிழமை பழைய டாடா 407 ஒன்று வந்தது. 1986-ல் சந்தைக்கு வந்த மாடல். இந்த வண்டி என்னைவிட மூத்தது. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்கு உப்பு மூட்டை ஏற்றி வருவதுதான் அதன் பிழைப்பு. ஓட்டுகிற அண்ணாச்சியே முதலாளி. பின்பக்க இடது சக்கரத்தில் வீல் சிலிண்டர் ஒழுகியது. சிலிண்டரை இறக்க வேண்டுமானால் முதலில் அதில் மாட்டியிருக்கிற பிரேக் பைப்பின் நட்டைக் கழற்ற வேண்டும். மேஸ்திரி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

ஓப்பன் ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்ததும் திரும்பிவிட்டது! எனக்கு ஒரே சந்தோஷம். கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டே போனேன். பிறகு பார்த்தால் நட்டோடு சேர்ந்து பைப்பும் திரும்பியிருக்கிறது. துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு, நட்டுக்குப் பின்னாலேயே ஒடிந்து, பிரேக் ஆயில் என் கையில் வழிந்தது.

மேஸ்திரி கத்தவில்லை. "நட்டு கழண்டுச்சுன்னு நெனச்சியாக்கும்? ஒடிஞ்சதே நல்லதுலே. ஒடியாம இருந்தா அப்படியே திருப்பி மாட்டியிருப்ப" என்றார். அன்று ராத்திரி அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பாஸ்கல் விதியை நாம் பரீட்சைக்கு எழுதுகிறோம். அவசரமாகப் பெடலை மிதிக்கும்போது அந்தப் பைப்புக்குள் அழுத்தம் 100 பார் அளவுக்கும் போகக்கூடும். பெரிய லாரி டயரில்கூடக் காற்று 7, 8 பார்தான். முறுக்கி விரிசல் விட்ட பைப் பட்டறை வாசலில் தாங்கும். மூட்டை ஏற்றிய வண்டியில், குறுக்கே ஆடு வந்து மிதிக்கும்போது தாங்காது. அந்த வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து வருகிறவர் என் அப்பா.

நான் செய்த தவறு என்ன? நட்டு ஓர் இடத்தில்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தது. உண்மையில் இரண்டு இடத்தில் பிடிக்கும். ஒன்று, நட்டின் வெளி மரைக்கும் சிலிண்டரின் உள் மரைக்கும் நடுவில். இன்னொன்று, நட்டின் துளைக்கும் அதற்குள் நுழைந்து போகிற பைப்புக்கும் நடுவில். புதிதாக இருக்கும்போது நட்டு பைப்பின்மேல் தாராளமாகச் சுற்றும். துரு ஏறினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் பிடி விட்டு இரண்டாவது பிடி விடாவிட்டால் முறுக்கு விழுவது பைப்புக்குத்தான். அந்தப் பைப்பின் வெளி விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு.

கரிசல் காட்டில் மழையே இல்லை, துரு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற நாலு மழையே போதும். கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பி, ஆக்சிலிலும் பைப்பிலும் அப்பிக்கொள்ளும்; மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதோடு மூட்டையிலிருந்து சொட்டுகிற உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரும்பு துருவாகும்போது முன்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மரைக்குள் ஏது இடம்? அதனால்தான் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடுகிறது.

வலது பக்க நட்டை மேஸ்திரியே கழற்றிக் காட்டினார். முதலில் ஸ்பானரையே தொடவில்லை. மண்ணைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் நட்டின் பின்பக்கத்தையும் பைப்பையும் பளபளவென்று தேய்த்தார். பிறகு துரு இளக்குகிற எண்ணெயை இரண்டு இடத்திலும் விட்டார். நட்டுக்குப் பின்னால் பைப் நுழைகிற இடத்தில் விடுவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். விட்டதும் இழுக்கக் கூடாது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். மண்ணெண்ணெயும் டீசலும்கூட ஓரளவு ஊறும். எதுவானாலும் பிரேக் ஆயிலில் கலக்கவே கூடாது. சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் உப்பிவிடும். ஆகவே கழற்றியபின் நன்றாகத் துடைத்து, ரப்பரையும் புதிதாகப் போட வேண்டும்.

அடுத்தது ஸ்பானர். ஓப்பன் ஸ்பானர் நட்டின் இரண்டு முகத்தைத்தான் பிடிக்கும், முனை மழுங்கும். பிளேர் நட் ஸ்பானர் என்று ஒன்று இருக்கிறது. ரிங் ஸ்பானரில் பைப் நுழையும் அளவுக்கு வாய் திறந்த மாதிரி இருக்கும். ஆறில் ஐந்து முகத்தைப் பிடிக்கும். பல பட்டறைகளில் பழைய ரிங் ஸ்பானரை ஹாக்சாவால் அறுத்து இதைச் செய்துகொள்கிறார்கள். ஆனால் அறுத்த ரிங் பலமாக இழுத்தால் விரிந்துவிடும். காசு சேர்த்து நல்லது ஒன்று வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

மாட்டியபின் மேஸ்திரி முதலில் இறுக்கினார்! எனக்கு ஆச்சரியம். ஒரு நூல் அளவு இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம். சின்னச் சுத்தியலால் ஸ்பானரில் டொக் டொக் என்று சின்ன அடிகள். பெரிய அடி ஒடிக்கும், சின்ன அடிகள் துருவை உதிர்க்கும். இடது கைவிரலைப் பைப்பின்மேல் வைத்தபடியே இருந்தார். பைப் திரும்புகிறதா என்று விரல் சொல்லும். திரும்பினால் உடனே நிறுத்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும்.

சூடு காட்டலாமா? இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண நட்டு வெளியே இருக்கும், அதைச் சூடாக்கினால் விரியும். ஆனால் பிரேக் பைப் நட்டுக்கு மரை வெளிப்பக்கம். அது துளைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சூடாக்கினால் இன்னும் இறுகும். சுற்றியிருக்கிற உடலைத்தான் சூடாக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 150 டிகிரி ஏற்றினால் 0.018 மில்லிமீட்டர் விரியும். கணக்கில் ஒன்றுமில்லை, துருவின் பிடி விட அதுவே போதும். ஆனால் உள்ளே ரப்பர், பக்கத்தில் ஹோஸ், பிரேக் ஆயிலோ தீப்பற்றும். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தாலே 205 டிகிரியில் கொதிக்கலாம், ஈரம் இழுத்தது 140-லேயே கொதிக்கலாம். அடைத்த பைப்பைச் சூடாக்கினால் முகத்தில் அடிக்கும். ஆகவே நம்மைப் போன்ற பையன்கள் வண்டியில் வைத்துச் சூடு காட்டவே வேண்டாம்.

அப்படியும் வராவிட்டால்? நட்டுக்குப் பக்கத்திலேயே பைப்பை அறுத்துவிட வேண்டியதுதான். அறுத்தபின் முழு ஆறுமுகச் சாக்கெட் நட்டின்மேல் நேராக உட்காரும். முறுக்க அங்கே பைப்பே இல்லை. பைப்பைக் காப்பாற்றப் போய் சிலிண்டர் மரையைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். விலையில் பைப் சின்னது, சிலிண்டர் பெரியது. இவ்வளவு துரு ஏறிய பைப் எப்படியும் மாற்ற வேண்டியதுதானே!

புதுப் பைப் இரும்பிலேயே, வாய் இரட்டையாக மடித்ததாக இருக்க வேண்டும். சுலபமாக வளைகிறதே என்று பிரிட்ஜுக்குப் போடுகிற செம்புப் பைப்பை மாட்டுவது ஆபத்து. அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். நட்டை முதலில் கையால் நாலு மரை ஓட்டிவிட்டுப் பிறகுதான் ஸ்பானர்.

எங்கள் 407-க்குத் திங்கட்கிழமைதான் கடை திறந்து பைப் கிடைத்தது. ஒரு நடை போய்விட்டது. அண்ணாச்சிக்கு வாடகையும் அப்பாவுக்குக் கூலியும் போச்சு. இரண்டு பக்கமும் புதுப் பைப் போட்டு, ஏர் எடுத்து, மேஸ்திரி பெடலை ஒரு நிமிஷம் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே இருந்தார். நான் அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெடலும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலம் வண்டி தூத்துக்குடிக்குப் புறப்பட்டது. அப்பாவும் அதில்தான் போனார்.