நீந்தி வென்ற படைவீரர்

முரளிகாந்த் பேட்கர் மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்தவர். சாங்லி மாவட்டத்தில் 1944ஆம் ஆண்டு பிறந்தார். இளம் வயதிலேயே இராணுவத்தில் சேர்ந்தார். குத்துச்சண்டையில் வல்லவர்.

1965ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நடந்தது. அந்தப் போரில் பேட்கரின் உடலில் குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு முதுகெலும்பில் தங்கிவிட்டது. அவரால் நடக்க முடியவில்லை.

இனிக் குத்துச்சண்டை போட முடியாது. ஆனால் பேட்கர் மூலையில் முடங்கிக் கிடக்கவில்லை. கால்கள் ஓய்ந்தால் என்ன? கைகள் இருக்கின்றனவே! சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கினார். கைகளின் பலத்தால் நீந்திப் பழகினார்.

1972ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் பாராலிம்பிக் போட்டி நடந்தது. அது மாற்றுத்திறனாளிகளுக்கான உலக விளையாட்டுப் போட்டி. 50 மீட்டர் நீச்சலில் பேட்கர் முதலாவதாக வந்தார். தங்கப் பதக்கம் பெற்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான்.

ஆனாலும் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை. 46 ஆண்டுகள் சென்றன. 2018இல்தான் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நம் ஊரிலும் முன்னாள் படைவீரர் இருக்கலாம். அவர் கதை மறந்துபோகக் கூடாது. நமக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே! கேட்டு எழுதி வைப்போம்.

விடை எழுதுங்கள்

1. பேட்கர் எந்தப் போரில் காயம் அடைந்தார்?
2. அவர் எந்தப் போட்டியில் தங்கம் வென்றார்?
3. உங்கள் ஊர்ப் படைவீரர் ஒருவரைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்.