பெயரைக் கடன் கொடுத்தல்

2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பெலின்சோனா நகரிலுள்ள சமஷ்டிக் குற்றவியல் நீதிமன்றத்தில் 13 பேருக்கு எதிரான வழக்கு விசாரணைக்கு எடுக்கப்பட்டது. தமிழீழ விடுதலைப் புலிகளுக்காகச் சுவிற்சர்லாந்தில் நிதி திரட்டியமை தொடர்பான வழக்கு அது. அவ்வாண்டு ஜூன் மாதத் தீர்ப்பில், குற்றவியல் அமைப்பொன்றுக்குத் துணைபோனமை என்ற குற்றச்சாட்டு நிலைநிறுத்தப்படவில்லை. ஆயினும் ஐவர் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டனர். வழக்கின் அரசியலைப் பற்றித் தமிழ் வீடுகளில் பல கருத்துகள் உண்டு. இங்கு கவனத்துக்குரியது அந்த மோசடியின் வழிமுறை மட்டுமே. இந்நாட்டில் வாழும் தமிழர்களின் பெயரில் வங்கிகளிலிருந்து தனிநபர் கடன்கள் பெறப்பட்டன. அவற்றுக்காக உண்மைக்கு மாறான ஊதியச் சான்றுகள் காட்டப்பட்டன. பணம் வேறிடம் சென்றது. ஒப்பந்தத்தில் இருந்த கையொப்பமோ குடும்பத் தலைவருடையது.

பொதுப்பணிக்காக மட்டும் இவ்வாறு பெயர் கேட்கப்படுவதில்லை. வதிவிட அனுமதி கிடைக்காத உறவினர் ஒருவர் கைத்தொலைபேசி ஒப்பந்தத்துக்கும், கடை தொடங்குபவர் வாகனக் குத்தகைக்கும், சீட்டில் விழுந்த பள்ளத்தை நிரப்ப வேண்டியவர் வங்கிக் கடனுக்கும் பிறர் பெயரை நாடுவர். “மாதாமாதம் நான் கட்டிவிடுவேன், அண்ணா, உங்களுடைய கையெழுத்து மட்டும் போதும்” என்பதே வழக்கமான வேண்டுகோள். கேட்பவர் பெரும்பாலும் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அவர் வேலையிழந்தாலோ நாட்டை விட்டுச் சென்றாலோ, வங்கி தேடி வருவது கையொப்பமிட்டவரையே. இருவருக்குமிடையிலான வாய்ச்சொல் வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஊதியச் சான்றிலுள்ள தொகை திருத்தப்பட்டிருப்பதை அறிந்தே அதைக் கொடுத்தவர், கடனாளி என்ற நிலையோடு ஆவண மோசடி என்ற குற்றச்சாட்டையும் சந்திக்க நேரிடும். கையொப்பமிட்ட பின் மனம் மாறினால், நுகர்வோர் கடன் சட்டத்தின்படி ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் அதிலிருந்து விலகலாம். இந்த உரிமையைத் தமிழ்க் குடும்பங்களில் அறிந்தவர் சிலரே.

பெயரைக் கேட்டுப் பெறாமல், கேளாமலே எடுத்துக்கொள்வோரும் உண்டு. இணையத்தில் மலிவான வாடகைக்கு வீடு காட்டி, பார்வையிடுமுன்பே கடவுச்சீட்டின் அல்லது அனுமதி அட்டையின் பிரதியை அனுப்பச் சொல்வது ஒரு வழி. அந்தப் பிரதியைக் கொண்டு அடுத்த குடும்பத்திடம் வீட்டு உரிமையாளராக நடிப்பார்கள். சமஷ்டி இணையப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பெருமளவில் முறையிடப்படும் இன்னொரு வழி தொலைபேசி அழைப்பு. பதிவு செய்யப்பட்ட குரலொன்று ஆங்கிலத்தில், பொலிஸ் அல்லது சுங்கத்திலிருந்து பேசுவதாகவும், உங்கள் அடையாளம் குற்றமொன்றில் சிக்கியுள்ளதாகவும் கூறி 1ஐ அழுத்தச் சொல்லும். அழுத்தினால் ‘அதிகாரி’ ஒருவர் வருவார். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார். திரையில் தெரியும் எண் உண்மையான பொலிஸ் எண்ணாகவே இருக்கலாம், ஏனெனில் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். வதிவிட அனுமதியைப் பற்றிய அச்சம் நீங்காத மனத்தில் இந்தக் குரல் எளிதில் இறங்கும். பொலிஸ் தொலைபேசியில் பணமோ கடவுச்சொல்லோ கேட்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, 117ஐத் தாமே அழைத்து விசாரிப்பதில் எவ்வித மரியாதைக் குறைவும் இல்லை.

இளையோருக்கு வரும் வலை வேறு. வங்கிக் கணக்கில் ஒரு தொகை வந்து சேரும், அதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் ஒரு பங்கு உனக்கு என்று வீட்டிலிருந்தே செய்யும் வேலையாக அது விளம்பரப்படுத்தப்படும். பணம் பெரும்பாலும் வேறொருவரிடம் திருடியது. கணக்கின் சொந்தக்காரர் பணமோசடிச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படுவார். படிப்பு முடியுமுன்பே மகனின் பெயர் வழக்குக் கோப்பில் ஏறியதைப் பெற்றோர் பிறகே அறிவர்.

பிறருடைய அடையாளத்தை அவரது சம்மதமின்றி, அவருக்குத் தீங்கிழைக்கவோ தாம் முறைகேடான நன்மை பெறவோ பயன்படுத்துவது 2023 செப்டெம்பர் 1 முதல் இந்நாட்டில் தனிக் குற்றமாகும். குற்றவியல் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட இப்பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ தண்டப்பணமோ விதிக்கப்படலாம். முறைப்பாடு பாதிக்கப்பட்டவரிடமிருந்தே வர வேண்டும். எனவே போலி ஒப்பந்தத்தின் பிரதி, வந்த கடிதங்கள், குறுஞ்செய்திகள் எவற்றையும் அழிக்காமல் பொலிஸ் நிலையத்துக்கு எடுத்துச் செல்வது நன்று.

பெயர் தவறாகப் பயன்பட்டது பெரும்பாலும் வெளிவருவது ‘பெத்ரைபுங்’ எனப்படும் கடன் வசூல் நடவடிக்கையில்தான். இச்சட்டத்தின் விசித்திரம், கடன் உண்மையென நிறுவாமலே எவரும் எவர் மீதும் இதைத் தொடங்கலாம் என்பது. பணம் செலுத்துமாறு கட்டளையிடும் பத்திரம் நேரில் ஒப்படைக்கப்படும். அதற்கு 10 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவித்தால் நடவடிக்கை நின்றுவிடும்; காரணம் கூற வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பத்திரத்தைக் கொண்டுவந்தவரிடமே உடனே வாய்மொழியாகத் தெரிவிக்கலாம். அறியாத கடனுக்கு இது போதிய பாதுகாப்பு. தாமாகவே கையொப்பமிட்டவருக்கு அவ்வாறல்ல: வங்கி அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றில் காட்டி ஆட்சேபத்தை அகற்றக் கோரலாம். ஜெர்மன் மொழியில் வந்த பத்திரத்தைப் பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை மேசை மேல் வைத்து, பின் மறந்துபோய், பதினோராவது நாளில் அலுவலகத்துக்கு ஓடிய குடும்பங்கள் பல.

வசூல் பதிவு 5 ஆண்டுகளுக்குப் பிறரின் பார்வைக்குக் கிடைக்கும். வீடு வாடகைக்கு எடுக்கும்போதும், குடியுரிமை விண்ணப்பத்தின்போதும் அது கேட்கப்படுகிறது. ஆட்சேபம் தெரிவித்திருந்து, பத்திரம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்கள் கழிந்தும் கடன் கோரியவர் மேற்கொண்டு எதுவும் செய்யாவிட்டால், அப்பதிவைப் பிறருக்குக் காட்டாதிருக்குமாறு 2019 முதல் விண்ணப்பிக்கலாம்; கட்டணம் 40 பிராங்குகள்.

தம் பெயரில் என்ன இருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், கடன் தகவல் மையமான ‘சேக்’ நிறுவனத்திடம் தம்மைப் பற்றிய விவரத்தை இலவசமாகக் கோரலாம். வசூல் பதிவின் சாற்றை வசிப்பிடத்துக்குரிய அலுவலகத்தில் 17 பிராங்குகளுக்குப் பெறலாம். ஆனால் அச்சாறு அந்த அலுவலகத்தின் எல்லைக்குட்பட்ட பதிவுகளை மட்டுமே காட்டும். அண்மையில் வீடு மாறியவர்கள் முன்பு வசித்த இடத்து அலுவலகத்திலும் தனியே கேட்க வேண்டும்.