குளிர்நாட்டிற் கடல் நுண்ணல்காச் செய்கை

நெல்லுக்கு வெயில் எத்துணை முக்கியமென்பதைக் கமக்காரராகிய நீங்கள் அறிவீர்கள். கடல் நுண்ணல்காவும் வெயிலுண்டு வளரும் பயிரே. நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகம் 2011 இல் ஆரம்பித்த ஆய்வுநிலையத்தில், நனோகுளோரொப்சிசு என்னும் இனத்தைத் திறந்த தொட்டிகளிலும் ஒளிபுகும் குழாய்களிலும் வளர்த்துப் பார்த்தனர். அந்நாட்டில் மாரிகாலப் பகல் 8 மணி நேரமளவிற்குச் சுருங்கும். நீரைச் சூடாக்கினும் வெளிச்சக்குறை தீராது.

தெளிந்த குளிர்காலையோ இன்னும் கொடிது. குளிர்ந்த கலம், உறிஞ்சிய ஒளியை உணவாக்கவியலாது பழுதுறும். அவ்வேளை நீரில் அல்கா அடர்ந்திருப்பின், ஒவ்வொரு கலத்துக்கும் ஒளி குறைந்து சேதந் தணியும். மப்பான நாளிலோ அடர்த்தியே தீங்கு; உள்ளேயுள்ளவை நிழலிற் கிடந்து, சேர்த்த உணவைச் சுவாசத்திற் செலவிடும். நெல்லை நெருக்கி விதைத்தால் நேர்வதும் இதுவன்றோ? கோடையில் நாடோறும் ஒரு பங்கை எடுத்து, பசளையிட்ட புதுக் கடல்நீரை விடலாம். மாரியில் அறுவடையை நிறுத்துவதே நன்று.