குளிருக்கு ஒரு கொலைக்கதை: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சிங்களா, கார்த்திகை பாதியைத் தாண்டினதும் எங்க நீலகிரியில சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக் கதவெல்லாம் சாத்திடும். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியக்காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும். குன்னூர் கொஞ்சம் கீழே இருக்கறதால அவ்வளவு உறைபனி இல்லை. ஆனா மூடுபனியும் ஈரக் குளிரும் எலும்பு வரைக்கும் போகும். கல்யாணமாகியோ வேலை மாத்தலாகியோ மலைக்குப் புதுசா வந்தவங்க, "ராத்திரி பொழுதே போக மாட்டேங்குதுக்கா"ன்னு புலம்பறீங்க. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான்: துப்பறியும் கதை. கீழே சமவெளியில இருக்கிறவங்களும் படிங்க. மார்கழி வந்தா சென்னையிலேயே காதுல மஃப்ளர் சுத்திக்கிட்டு நடக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன்.

எந்தக் கொலைக்கதையும் குளிருக்குச் சரிப்படும்னு நினைக்காதீங்க. ரத்தம் தெறிக்கிறது, சின்னப் பிள்ளைங்களைக் கடத்துறது, சைக்கோ துரத்துறது எல்லாம் மத்தியான வெயிலுக்கு. போர்வைக்குள்ள உட்கார்ந்து படிக்க வேண்டியது வேற வகை. ஒரு பங்களா, ஒரு பத்துப் பேர், வெளியே புயலோ பனியோ, உள்ளே ஒரு பிணம். ரோடு மூடிப்போச்சு, டெலிபோன் வேலை செய்யலை, போலீஸ் வந்து சேர முடியாது. கொலைகாரன் வெளியே தப்பிச்சுப் போகவும் முடியாது, அந்தப் பத்துப் பேருக்குள்ளதான் இருக்கான். குளிர்காலம் இந்தக் கதைகளுக்கு அலங்காரம் இல்லை, கதையையே அதுதான் தாங்கி நிக்குது.

இதுல ராணி அகதா கிறிஸ்டிதான். 1934ல வந்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கதையில யுகோஸ்லாவியாவுல பனியில ரயில் சிக்கி நின்னுடும். அந்த அம்மாவே 1931 டிசம்பர்ல அதே ரயில்ல வரும்போது, மழை வெள்ளத்துல தண்டவாளம் அரிச்சுப்போய் வழியில மாட்டிக்கிட்டவங்க. பனி பெய்யற கதையே வேணும்னா 1931ல வந்த சிட்டஃபோர்டு மர்மம். கிறிஸ்துமஸ் கூட்டம் கூடுற வீட்டுக்கு 1938ல வந்த ஹெர்க்யூல் பொய்ரோஸ் கிறிஸ்துமஸ். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டின்னு விளம்பரம் பண்ணியே அவங்க பதிப்பாளர் வித்திருக்காங்க. தீபாவளி மலர் வாங்கிப் பழகின நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

இங்கிலீஷ் நாவல்னு பயப்படாதீங்க. அவங்க எழுத்துல பாதி பேச்சுதான், வாக்கியமும் சின்னச் சின்னது. தடுமாறுறது பேர்கள்ல. அதுக்கு நான் செய்யறது: பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் ஒவ்வொருத்தர் பேரு, யாருக்கு என்ன உறவு, கொலை நடந்த நேரத்துல எங்கே இருந்தேன்னு சொன்னாங்க, இது மூணையும் எழுதி அதையே புத்தக அடையாளமா வெச்சுக்கறது. பாதிக் கதையில அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்க. யாரு பேருக்கு நேரா ஒண்ணும் எழுதாம காலியா இருக்கோ, அவங்க மேல ஒரு கண்ணு வைங்க. சில சமயம் பலிக்கும்.

தமிழுக்கு வருவோம். தேயிலை மலையில உட்கார்ந்துக்கிட்டு தமிழ்வாணனோட சங்கர்லாலைச் சொல்லாம விட முடியுமா? மனுஷன் டீ குடிச்சுக் குடிச்சே துப்பறிவார். இன்னைக்குப் படிச்சா கதை கொஞ்சம் எளிமையாத்தான் தெரியும். ஆனா பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்ட அதுதான் பொருத்தம். ராத்திரியில பயம்னு சொல்றவங்க தேவனோட துப்பறியும் சாம்புவைத் தொடுங்க. பேங்க் குமாஸ்தா, அசடு, ஒவ்வொரு தடவையும் தப்பு செஞ்சே குற்றவாளியைப் பிடிச்சுடுவார். படிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே தூங்கலாம்.

என்னோட ஆளு சுஜாதா. 1968ல நைலான் கயிறுல வக்கீல் கணேஷ் வந்தார், அப்புறம் வசந்த் சேர்ந்ததும் அந்த ஜோடிக்கு இணையே இல்லை. குளிருக்குன்னு ரெண்டு எடுத்து வைங்க: கொலையுதிர் காலம், கரையெல்லாம் செண்பகப்பூ. முதல் கதை பேயா விஞ்ஞானமான்னு கணேஷும் வசந்தும் மோதிக்கிறது. வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்து படிச்சா நீங்களும் கட்சி பிரிஞ்சு சண்டை போடலாம். ரெண்டாவதுல, நாட்டுப்பாட்டு சேகரிக்கிற பையன் கிராமத்துப் பழைய ஜமீன் பங்களாவுல தங்கப் போறான். ராத்திரி அந்த வீட்டுல கேக்கிற சத்தத்தைப் படிக்கும்போது உங்க வீட்டு ஜன்னலும் கிறீச்சுனா நான் பொறுப்பில்லை.

ஒரே ராத்திரியில முடிக்கணும்னா கோயம்புத்தூர் ராஜேஷ்குமார். ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேல எழுதினவர். ஒரு அத்தியாயம் இங்கே, அடுத்தது சம்பந்தமே இல்லாத வேற ஊர்லன்னு ரெண்டு தண்டவாளம் ஓடும், கடைசியில ரெண்டும் ஒண்ணாகும். சமைக்கறதுக்காக இடையில எழுந்து போனாலும் விட்ட இடத்துல பிடிச்சுக்கலாம். கலகலப்பு வேணும்னா பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்-சுசீலா, வேகம் வேணும்னா சுபாவோட நரேந்திரன்-வைஜயந்தி.

பழைய பாக்கெட் நாவல் வாங்கும்போது விலையைப் பார்க்காதீங்க, கடைசிப் பக்கம் இருக்கான்னு பாருங்க. கண்ணை எழுத்து மேல ஓட விடாம, பக்க எண்ணை மட்டும் பார்த்துட்டு மூடிடணும். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழிச்சு பைண்டு பண்ணினதுன்னா இன்னும் ஜாக்கிரதை. நடுவுல ஒரு வாரம் காணாமப் போயிருக்கும். "தொடரும்"ங்கிற வார்த்தையைத் தேடி, அதுக்கு அடுத்த பக்கத்துல அத்தியாய எண் வரிசையா வருதான்னு கடையிலேயே புரட்டிடுங்க. அந்த பைண்டுகள்ல ஒரு லாபம் உண்டு: ஓவியமும் பழைய விளம்பரமும் சேர்ந்து வரும்.

கண்ணு வலிச்சா படம். 1954ல வந்த அந்த நாள் இன்னும் பார்க்காதவங்க உடனே பாருங்க. எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி கதாநாயகன், ஒரு பாட்டு கூட கிடையாது. ஆரம்பத்துலயே சிவாஜி செத்துப் போயிடுவார். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. எங்க ஊட்டி பங்களாவுல நடக்கிற கதை வேணும்னா 1964ல வந்த புதிய பறவை. புதுசுன்னா துருவங்கள் பதினாறு; ஒன்றே முக்கால் மணி நேரம்தான், ஆனா போனை நோண்டிக்கிட்டே பார்த்தா ஒண்ணும் புரியாது. சுழல், விலங்கு மாதிரித் தொடர்களை வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிங்க, மறுநாள் ஸ்கூல் இருக்கிற அன்னிக்கு வேண்டாம். ராட்சசன் நல்ல படம்தான், ஆனா அது பகல்ல. கிறிஸ்டியோட துப்பறிவாளர் பொய்ரோவா டேவிட் சுஷே 1989லேர்ந்து 2013 வரைக்கும் நடிச்ச எழுபது எபிசோடு இருக்கு. ஒரு மார்கழி முழுக்கத் தாங்கும்.

இப்ப கையில ஒரு டம்ளர் வேணுமே. கடையில வாங்குற சுக்குக் காப்பித் தூள்ல பாதி சர்க்கரை. வீட்டுலயே செய்ங்க. சுக்கைத் தோல் சீவிட்டுத்தான் இடிக்கணும். அரை கப் தனியா, ஒரு விரல் நீளச் சுக்கு ரெண்டு, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய். தனியாவையும் மிளகையும் மட்டும் வெறும் வாணலியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, எல்லாத்தையும் கொரகொரப்பாப் பொடிச்சு பாட்டில்ல போட்டுடுங்க. கருப்பட்டியை நேரா காப்பியில போடாதீங்க. தண்ணியில கரைச்சு, சூடு பண்ணி, துணியில வடிகட்டுங்க. அடியில தங்குற மண்ணைப் பார்த்தா ஏன் சொல்றேன்னு தெரியும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் பொடி, ரெண்டு துளசி இலை, அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். அப்புறம் கருப்பட்டித் தண்ணி. பால் கிடையவே கிடையாது. தொட்டுக்க ஊட்டி வர்க்கி. அதைக் கடிச்சா தூள் தூளா உதிரும், டீயில நனைச்சுச் சாப்பிடுங்க. நூலகப் புத்தகத்து நடுவுல அடுத்தவங்க தின்ன வர்க்கித் தூள் இருந்தா எனக்குக் கொலைவெறியே வரும்.

வெந்நீர்ப் பைக்குக் கொதிக்கிற தண்ணி ஆகாது. அடுப்பிலேர்ந்து இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, முக்கால் பைக்கும் குறைவா ஊத்தி, மேல்பக்கத்தை அழுத்திக் காத்தை வெளியேத்திட்டு மூடியைத் திருகுங்க. ஒரு துண்டுல சுத்தி, படுக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி போர்வைக்குள்ள வெச்சு, படுக்கும்போது எடுத்துடுங்க. சர்க்கரை வியாதியில காலு மரத்துப் போன பெரியவங்களுக்கு வைக்கவே வேண்டாம். சுடறது அவங்களுக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. அடுப்புக்கரியைச் சட்டியில போட்டு, கதவு ஜன்னலைச் சாத்தின அறைக்குள்ள கணப்பு வைக்காதீங்க. கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. புகை இல்லையே, தணல்தானேன்னு நினைச்சுத் தூங்கிடுவாங்க, அப்புறம் எழுந்திருக்கறதில்லை. கொடைக்கானல் பக்கம் டூர் வந்த இடத்துல இப்படி உயிர் போன செய்தியைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பார்பிக்யூ அடுப்பும் அதே விஷயம்தான், பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருந்தாலும் அதேதான். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தா முதல்ல வெளிக்காத்துக்கு வந்துடுங்க, உடனே 108ஐக் கூப்பிடுங்க. கொலை புத்தகத்துக்குள்ள மட்டும் நடந்தா போதும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். லண்டன்ல மவுஸ்ட்ராப்னு ஒரு கிறிஸ்டி நாடகம், 1952ல ஆரம்பிச்சது. அதுவும் பனியில மாட்டின வீட்டுக் கதைதான். நாடகம் முடிஞ்சதும், கொலைகாரர் யாருன்னு வெளியே சொல்லாதீங்கன்னு பார்க்க வந்தவங்களைக் கேட்டுக்குவாங்க. நம்ம ஊர்ல நூலகப் புத்தகத்தைத் திறந்தா முதல் பக்கத்துலயே பேனாவுல கொலைகாரன் பேரை எழுதி, ரெண்டு கோடும் போட்டு வெச்சிருக்காங்க. யாரு பெத்த பிள்ளையோ, தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க சாமி.